சேராத மீன்

“கோல்டு ஃபிஷ்ஷோட எது சேரும்னுதான் எல்லாரும் கேப்பாங்க. அந்தம்மா எது சேராதுன்னு கேக்குது.”

இந்த வார்த்தையை நான் ஒட்டுக்கேட்கவில்லை அக்கா. தானாகக் காதில் விழுந்தது. துறையூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மீன் கடை இருக்கிறது. சமைக்கிற மீன் இல்லை, வளர்க்கிற மீன். வாசல் முழுக்கப் பாலிதீன் பைகளில் மீனைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பைகளுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். அந்தப் பக்கம் கடைக்காரர் போனில் யாரிடமோ சிரித்துக்கொண்டே சொன்னார். “பச்சைக் குடை வச்சிருக்கும். மூணாவது தடவையா வந்துட்டுப் போவுது.”

பச்சைக் குடை என் மாமியாருடையது.

மீன் தீனி வாங்கப் போனவள், வாங்காமலே திரும்பிவிட்டேன். 

கூடையில் என்ன என்று நீங்கள் கேட்டீர்கள் இல்லையா, அதனால்தான் சொல்கிறேன். நான் பஸ்ஸில் யாரோடும் பேசுகிறவள் இல்லை. காலேஜில் மூன்று வருஷமும் பக்கத்தில் உட்கார்ந்த மெர்லினோடு மட்டும்தான் பேசினேன். இப்போது அவள் வீட்டுக்குத்தான் போகிறோம், திருச்சிக்கு. நானும் அவரும் இதுவும். கண்டக்டர் மீனுக்கு அரை டிக்கெட் எடுக்கணும் என்று கேலி செய்தாரே, அப்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்கள் ஒருவர்தான் சிரிக்கவில்லை.

துணியை விலக்குகிறேன், பாருங்கள். கொஞ்சம்தான். வெளிச்சம் பட்டால் மிரளும். ஆரஞ்சு நிறம், தலையில் கொண்டை மாதிரி சதை. ஒராண்டா என்பார்கள், கோல்டு ஃபிஷ்ஷில் ஒரு வகை. நான் கொண்டை என்றுதான் கூப்பிடுவேன். இடது பக்கம் செதில் இல்லாமல் வெள்ளையாக இருக்கிறதே, அதைத்தான் சொல்லப் போகிறேன். வால் நார் நாராகத் தெரிகிறது இல்லையா? முழுசாக இருந்தபோது பட்டுப்புடவை முந்தானை மாதிரி இருக்கும்.

அவரா? அதோ, டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட், ஜன்னல் ஓரம், நீலச் சட்டை. குணசேகரன். பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். காற்று வரவில்லை, நெஞ்சை அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று முன்னால் போய்விட்டார். வாயு அவருக்கு. எது சாப்பிட்டாலும் சேராது.

மூடிவிடுகிறேன்.

டேங்க் அவர் வாங்கிக் கொடுத்ததுதான். கல்யாணமாகி வந்த புதிதில் நான் வீட்டில் வாயே திறக்கவில்லை. அவருக்கு அது கவலை. விலங்கியல் படித்தவள், காலேஜ் லேபில் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டவள் என்று எங்கள் அப்பா பெருமையாகச் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. ஒரு நாள் ஆட்டோவில் ஒரு டேங்கும் இரண்டு மீனும் வந்து இறங்கின. “அதுவும் பேசாது, நீயும் பேச மாட்ட. நல்லா சேரும்” என்றார். அவரும் ஆட்டோக்காரரும் மாடிக்குத் தூக்கினார்கள். நடுப்படியில் டேங்கைச் சுவரில் அணைத்து வைத்துவிட்டு அவர் ரொம்ப நேரம் நின்றார். மூச்சு வாங்கியது. “தொப்பையக் கொறைடா” என்று அத்தை கீழேயிருந்து சொன்னார். எல்லாரும் சிரித்தோம்.

அந்த இரண்டில் ஒன்று முதல் வாரமே செத்துவிட்டது. புது டேங்கில் அது சகஜம். அப்போது வீட்டில் யாருக்கும் எந்தக் கண்டமும் இல்லாததால் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. நான்தான் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன்.

கொண்டை ஒண்டியாயிற்று. கோல்டு ஃபிஷ் ஒண்டியாக இருக்கக் கூடாது அக்கா. ஒரு மூலையில் போய் நின்றுவிடும். அதற்காகத் துணை என்று எதையாவது போட்டுவிடவும் முடியாது. அதுதான் கஷ்டம். இது குளிர்ந்த தண்ணீர் மீன். கடையில் இருக்கிற பாதி மீனுக்குச் சூடு வேண்டும். இது ஆடி அசைந்து நீந்துகிற மீன். விருட்டென்று ஓடுகிறதைப் போட்டால் தீனி முழுக்க அதுவே தின்றுவிடும். வால் வேறு நீளம், வாலைக் கடிக்கிறது எதுவும் ஆகாது. சரி, சின்னதாக ஒன்றைப் போடலாமே என்றால் இதுவே முழுங்கிவிடும். சாதுவாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள், வாயில் கொள்கிறது எல்லாம் அதற்குத் தீனிதான். இன்னொரு ஒராண்டாவோ, அதே மாதிரி உருண்டை உடம்பும் மந்தமான நடையும் உள்ள ஒன்றோதான் சேரும். துறையூரில் அது கிடைக்கவில்லை. சரக்கு எடுக்கத் திருச்சிக்குப் போகும்போது பார்க்கிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் அத்தை கையில் ஒரு பாலிதீன் பையோடு மாடி ஏறி வந்தார். அத்தை பெயர் பட்டம்மாள். முட்டி வலிக்காரர், மாடிக்கே வர மாட்டார். வந்து, மூச்சை விட்டுவிட்டு, “ஒண்டியாக் கெடக்குதே பாவம். தொணைக்கு ஒண்ணு வாங்கியாந்தேன்” என்றார்.

அந்த வீட்டில் அதுவரைக்கும் எனக்கென்று அவர் ஒரு முழம் பூ வாங்கி வந்ததில்லை.

பைக்குள் கறுப்பாக ஒன்று வாயைப் பையில் ஒட்டிக்கொண்டு இருந்தது. டேங்க் க்ளீனர் என்று கடைகளில் கொடுப்பார்கள். பாசியைத் தின்னும். பாசி தீர்ந்துவிட்டால் கோல்டு ஃபிஷ் மேல் ஒட்டிக்கொண்டு அதன் உடம்பில் இருக்கிற வழவழப்பை உறிஞ்ச ஆரம்பிக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் முட்டி வலியோடு ஏறி வந்தவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

அதுதான் அந்த வெள்ளை. கறுப்பை எடுத்து வாளியில் விட்டேன். கல்லுப்பைக் கரைத்து ஊற்றிக் கொண்டைக்கு வைத்தியம் பார்த்தேன். “அது இதோட சேரலை அத்தை” என்றேன். “அப்படியா, சேரலையா” என்று அத்தை டேங்கையே பார்த்துக்கொண்டு நின்றார். வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன்.

அடுத்தது, வரி வரியாகச் சின்ன மீன்கள், ஒரு கூட்டம். டைகர் பார்ப் என்று பெயர். “கலகலன்னு இருக்கும்” என்றார் அத்தை. நான் கீழே போய்த் துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள் கொண்டையின் வாலை ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தன. பாவம், அத்தைக்குத் தெரியவில்லை என்று அப்போதும் நினைத்தேன். அவரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். எது சேரும், எது சேராது, எது கடிக்கும், எது உறிஞ்சும், எல்லாம். அவ்வளவு கவனமாகக் கேட்டார் அக்கா. நடுவில் சந்தேகம்கூடக் கேட்டார்.

“நம்ம பெரிய ஏரியில கெடக்குமே ஜிலேபி, அது?”

“ஐயோ, அது முரட்டு மீன் அத்தை. முட்டி முட்டியே கொன்னுடும்.”

“அப்படியா” என்றார்.

வீட்டில் ஒருவர் என் பேச்சை உட்கார்ந்து கேட்டார் என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவரிடம்கூடச் சொன்னேன். “எங்கம்மாவுக்கே பாடம் எடுத்துட்டியா” என்று அவர் சிரித்தார்.

பிறகுதான் அந்தக் கடை வாசலில் அந்த வார்த்தை. வேக வேகமாக வீட்டுக்கு வந்து மாடி ஏறிப் பார்த்தால், டேங்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி. கொண்டை ஆக்சிஜன் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டு இருந்தது.

என்ன கேட்டீர்கள்? எந்தத் தோள்? இடது தோள்தான். நான் தோள் வலி என்றா சொன்னேன்? இல்லையே, நெஞ்சடைப்பு என்றுதான் சொன்னேன். ஆமாம், தோளும் வலிக்கும் அவருக்கு. பெயிண்ட் டப்பா தூக்கித் தூக்கி. அத்தை தைலம் தேய்த்துவிடுவார். நீங்கள் கேட்டதும் எனக்கு எங்கே விட்டேன் என்று மறந்துவிட்டது.

ஜிலேபி. ஆமாம்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் புரியும். தை மாதம் அத்தை உப்பிலியபுரத்தில் ஒரு ஜோசியரிடம் போயிருந்தார். அவர் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, முப்பத்தெட்டு முடிவதற்குள் பிள்ளைக்கு ஒரு கண்டம் இருக்கிறது, ஜலகண்டம் என்று சொல்லிவிட்டார். தண்ணீரில். ஆவணியில் இவருக்கு முப்பத்தெட்டு முடிகிறது. இப்போது ஆடி நடக்கிறது. தையிலிருந்து அவருக்கு ஆறு கிடையாது, கிணறு கிடையாது, ஏரிக்கரைப் பக்கம் வண்டி ஓட்டக் கூடாது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வெளியாள் வைத்தோம். பதினெட்டாம் பெருக்குக்கு முக்கொம்பு போகலாமா என்று அவர் விளையாட்டாகக் கேட்டதற்கு, அத்தை அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அத்தையைச் சொல்லியும் குற்றமில்லை. மாமா நாற்பதிலேயே போய்விட்டார். அது தண்ணீர் இல்லை, அது வேறு. கடையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். அதிலிருந்து ஒற்றைப் பிள்ளையை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வளர்த்தவர்.

பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள், வளர்க்கிற மீன் செத்தால் வீட்டு ஆளுக்கு வருகிற கெடுதல் அதோடு போய்விடும் என்று. நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். மீன் செத்தால் அழாதே, நமக்கு வந்தது அதற்குப் போயிற்று என்று நிறைய வீடுகளில் சொல்வார்கள். ஒரு ஆறுதலுக்குச் சொல்கிற வார்த்தைதானே. அத்தை அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டார். ஆவணிக்குள் மீன் செத்தாக வேண்டும்.

நான் கீழே இறங்கிப் போனபோது அத்தை அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, ஜிலேபிய நீங்களா விட்டீங்க?”

“ஆமா.”

“அது கொன்னுடும் அத்தை.”

“தெரியும். நீதானடி சொன்ன.”

அவரே சொன்னார். “நம்ம கையால தொடக் கூடாது சங்கவி. நாம கொன்னா பாவம் நம்ம மேல வந்துரும், கண்டமும் கழியாது. தண்ணிக்குள்ள அதுவாப் போவணும். அதுக்குத்தான் நானும் ஒண்ணொண்ணா வாங்கியாந்து பாக்கறேன். நீ ஒண்ணொண்ணா எடுத்து வாளியில விடுற.” உரித்த வெங்காயத்தைக் கிண்ணத்தில் போட்டார். “ஒனக்கு மீனு வேணுமா, புருசன் வேணுமா?”

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. குழம்பா ரசமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது, வெங்காயத்தாலா என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்?

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை அக்கா. மாடிக்குப் போய் ஜிலேபியைப் பிடித்து வாளியில் விட்டேன். விடுவதற்கு முன்னால் வலையை டேங்குக்கு மேலேயே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். நம்பிக்கை இல்லை, ஆனால் நின்றேன். அன்றிலிருந்து இப்படித்தான். கொண்டை தீனி தின்றால் சந்தோஷமாக இருக்கும், உடனே பயமாக இருக்கும். அவர் கடையிலிருந்து வரக் கொஞ்சம் நேரமானால் அத்தை வாசலைப் பார்க்க மாட்டார், என்னைப் பார்ப்பார். அவர் தும்மினால் என்னைப் பார்ப்பார். ஒரு தடவை குளியலறையில் வாளி உருண்டு சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடினோம். உள்ளேயிருந்து அவர், “வாளிதான், நான் இல்ல” என்றார்.

அத்தை தினமும் மாடி ஏற ஆரம்பித்தார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு. ஒரு நாள் நான் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். டேங்குக்கு முன்னால் நின்று பொரியைத் தூவிக்கொண்டு பேசினார். “ராசா, எம்புள்ளைக்கு வர்றத நீ வாங்கிக்க. ஒனக்குக் கோடிப் புண்ணியம்.” கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோயிலில் கெடாவுக்கு மாலை போட்டு, தண்ணீர் தெளித்துவிட்டு, தலையை ஆட்டுகிறதா என்று காத்திருப்பார்கள் இல்லையா, அப்படிக் காத்திருந்தார். கொண்டை மேலே வந்து பொரியை வாயில் வாங்கித் தலையை ஆட்டி மென்றது.

“சரின்னுட்டியா” என்றார் அத்தை.

அதற்குப் பிறகு அந்த டேங்கை விட்டு நான் நகரவே இல்லை. மீனுக்கு வாய் கிடையாது அக்கா, பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தின்றதைத் துப்புகிறதா, மூலையில் ஒதுங்குகிறதா, எல்லாம் அர்த்தம்தான். ஒரு பக்கமாகச் சாய்ந்தால் உள்ளே ஏதோ கோளாறு. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் மூச்சு போதவில்லை, இனிமேல் தாமதிக்கக் கூடாது என்று அர்த்தம். எனக்கு ஒரு பார்வை போதும். மற்ற எதிலும் நான் கெட்டிக்காரி இல்லை, அதில் கெட்டிக்காரி. மெர்லினே சொல்வாள்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தார். “எனக்குப் பதிலா சாவறதுக்கு ஒரு ஆளு, அதுவும் சம்பளமில்லாம. அதப் போயி வேணாங்கற.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “அம்மாவும் பயந்து கெடக்குது, நீயும் பயந்து கெடக்கற. நடுவுல அந்த மீனு என்ன பண்ணும்? எங்கயாவது நல்ல எடத்துல கொண்டு விட்டுருவோம்” என்றார். அன்றைக்கு அவருக்குத் தாடை வலி. கிராம்பைக் கடித்துக்கொண்டு பேசினார். கடைவாய்ப் பல்லாக இருக்கும், பல் டாக்டரிடம் காட்டுங்கள் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

மெர்லின் வீட்டுப் பின்பக்கம் பெரிய சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. நாலைந்து ஒராண்டா வளர்க்கிறாள், எல்லாம் இதே மாதிரி மந்தம். “கொண்டாடீ. கொஞ்ச நாள் தனியா வச்சிப் பாத்துட்டு அப்புறம் சேத்துக்கலாம். மாமியார் இல்லாத தொட்டி, பயப்படாத” என்றாள். எனக்குப் பயம் போகவில்லை. கொண்டை வீட்டில் இருந்தால் ஒரு பயம். கொண்டை போய்விட்டால், அது வாங்கிக்கொள்ள வேண்டியதை யார் வாங்குவார்கள் என்று இன்னொரு பயம். நம்பிக்கை இல்லை என்று சொன்னேன் இல்லையா, அது உண்மைதான். ஆனாலும்.

சரக்கு எடுக்கப் போகிறோம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் இன்று கிளம்பினோம். கூடையில் மாற்றுத் துணி என்று சொன்னேன். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “பாலத்துல போவறப்ப ஜன்னல் ஓரம் ஒக்காராத சாமி” என்று சத்தியம் வாங்கினார். இப்போது பாருங்கள், ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்திருக்கிறார். பாலம் வரும்போது நான் போய் எழுப்பி மாறி உட்காரச் சொல்ல வேண்டும்.

மீன் கடையில் ஆக்சிஜன் அடித்துக் கட்டினோம். கடைக்காரர் இப்போதுதான் என்னைப் பார்த்துவிட்டு, “பச்சைக் குடை ஒங்க மாமியாருங்களா? எது குடுத்தாலும் சேரலையாமே. விடுங்க, பத்துப் பொருத்தம் பாத்துக் கட்டி வச்சதே இங்க சேர மாட்டேங்குது” என்றார். இவர் அதற்குச் சிரித்தார். சிரிக்கும்போதே பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

கூடையை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் எத்தனை இடத்தில் கீழே வைத்தார் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் தொப்பென்று. தண்ணீர் குலுங்கிக் கொண்டை தலைகீழாகிவிட்டது. எனக்கு அவ்வளவு கோபம். கல்யாணமானதிலிருந்து நான் அவரிடம் குரல் உயர்த்தியதே இல்லை, இன்றைக்கு நடுரோட்டில், “மெதுவா வைக்கத் தெரியாதா ஒங்களுக்கு” என்று கத்திவிட்டேன். “சரி, சரி” என்றார். மறுபடியும் தூக்கினார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது, ஆடிக் காற்று வேறு, நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தேன். அவருக்கு வேர்வை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

நீங்கள் ஏன் அக்கா அவரைப் பற்றியே கேட்கிறீர்கள்? எப்போதிருந்தா? காலையிலிருந்துதான். சாப்பிட்டதை வாந்தி எடுத்தார். இட்லிப் பொடிக்கு எண்ணெய் நிறைய ஊற்றிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தேன். இல்லை, ஏப்பம் வரவில்லை. வந்தால் சரியாகிவிடும் என்றார்.

உங்கள் வீட்டுக்காரருமா?

வாயு என்றுதான் நினைத்தீர்களா?

ஐயோ. எத்தனை வயது அவருக்கு அப்போது? அவ்வளவுதானா?

இல்லை அக்கா, இவருக்கு அப்படி இல்லை. இவருக்குத் தண்ணீரில்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இது எந்த ஊர்? மண்ணச்சநல்லூர் வந்துவிட்டதா? அப்படியென்றால் இன்னும் கொஞ்ச தூரம்தான். கொள்ளிடம் பாலம் ஒன்று, அதற்குப் பிறகு காவிரிப் பாலம் ஒன்று. அது இரண்டையும் தாண்டிவிட்டால் எனக்குப் பயமில்லை. அதுவரைக்கும்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். கொண்டை எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன். நன்றாக இருக்கிறது. வால் விரித்து நிற்கிறது. மூச்சு சீராக இருக்கிறது.

அவரும் தூங்கிவிட்டார் போலிருக்கிறது. ஜன்னல் கம்பியில் தலையை வைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு பக்கமாகச் சாய்கிறார். வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்.

அக்கா.

நீங்கள் சட்டென்று எழுந்தீர்கள். உங்கள் சாப்பாட்டுத் தூக்கை என் மடியில், கூடையோடு சேர்த்து வைத்தீர்கள். கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனீர்கள். அவர் நெற்றியைத் தொட்டீர்கள், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தீர்கள், சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றினீர்கள். “வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்க” என்றீர்கள். “நேர் வண்டிம்மா இது, நடுவுல எங்கயும் நிக்காது” என்றார் கண்டக்டர். நான் எழப் பார்த்தேன். மடியில் கூடையும் தூக்கும் இருந்தன. நீங்கள் கண்டக்டர் கையிலிருந்த விசிலைப் பிடுங்கி வாயில் வைத்து ஊதினீர்கள். டிரைவர் திரும்பிப் பார்க்கும்வரை ஊதினீர்கள், பஸ் ஓரம் கட்டியும் நிறுத்தாமல் கையால் இடது பக்கம் காட்டி ஊதினீர்கள், சாலையை விட்டு உள்ளே திரும்பி அரசு ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கும்வரைக்கும் ஊதிக்கொண்டே இருந்தீர்கள்.